மூணாறில் 95, கம்பத்தில் 98: மூச்சு பற்றி வந்த சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கம்பம், போடி, குமுளி, வண்டன்மேடு பக்கத்திலிருந்து. ஆக்சிஜன் போதவில்லையோ என்ற பயம்தான் நிறையப் பேருக்கு. ஆனால் கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

கம்பத்தில் இருக்கும்போது, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. மூணாறில் மகள் வீட்டுக்குப் போனால் 95, சில நேரம் 94. வயது 61. மேலே காற்றில் ஆக்சிஜன் குறைவா? இனி போகக் கூடாதா?

தாராளமாகப் போங்கள். மூணாறிலும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன்தான், குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், மூணாறு இருக்கும் 1,500 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 635. அதிலும் நாம் இழுக்கும் காற்று நுரையீரலுக்குப் போவதற்குள் நனைந்துவிடுவதால் நீராவி 47 எடுத்துக்கொள்ளும், உள்ளே ஏற்கெனவே இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் ஒரு பங்கு பிடித்துக்கொள்ளும். கடைசியில் காற்றுப்பைகளுக்குள் ஆக்சிஜனின் அழுத்தம் கடல் மட்டத்தில் 100 அளவில் இருந்தால் மூணாறில் 75 அளவில் நிற்கும்.

அழுத்தம் கால்வாசி குறைந்தும் உங்கள் விரலில் மூன்று புள்ளிதானே இறங்கியது, அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் செய்யும் வேலை. 60 வரைக்கும் அழுத்தம் இறங்கினாலும் அது 90 சதவீதம் நிரம்பியே இருக்கும். அதற்கும் கீழே போனால்தான் கிடுகிடுவெனச் சரியும். மலை உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான்.

இன்னொன்று, மூணாறு குளிரில் விரல் சில்லிட்டுப் போயிருந்தால் கருவி தப்பாகக் காட்டும், நகப்பூச்சு இருந்தாலும் அப்படித்தான். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 92க்குக் கீழே நின்றாலோ, பேசும்போதே மூச்சு வாங்கினாலோ மலை மேல் பழி போடாமல் டாக்டரைப் பாருங்கள். கீழே கம்பத்திலேயே 94 என்று வர ஆரம்பித்தாலும் காட்டிவிடுவது நல்லது.

வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கிறேன். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வேன். சாயங்காலம் நெஞ்சு இறுகுது, கண்ணில் தண்ணி, வாயில் எச்சில் ஊறுது. குளிர்தான், பால் குடிச்சா சரியாப்போகும்னு மேஸ்திரி சொல்றார்.

தம்பி, இது குளிர் இல்லை. நீங்கள் சொல்லும் மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் அடிக்கும் மருந்தைத்தான். ஏலத்துக்கு அடிக்கும் குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் வகை. நரம்பு முனையில் சுரந்து தசைக்கும் சுரப்பிக்கும் சேதி கொண்டுபோகும் அசிடைல்கோலினை வேலை முடிந்ததும் உடைத்துப்போடும் ஒரு நொதியை அவை முடக்கிவிடும். அப்போது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகியபடியே இருக்கும், சளியும் எச்சிலும் கண்ணீரும் நிற்காமல் சுரக்கும், அளவு மீறினால் மூச்சு இழுக்கும் தசைகளே சோர்ந்துபோகும். உயிர் போவது பெரும்பாலும் இப்படி மூச்சு நின்றுதான்.

துண்டு ஏன் போதாது? 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துளிகளை மூக்கே ஓரளவு பிடித்துவிடும். அதைவிடச் சிறியவை மூச்சுக்குழாயில் படியும், இரண்டு மூன்று மைக்ரான் அளவுள்ளவை காற்றுப்பை வரைக்கும் போய்விடும். அங்கே 30 கோடிக்கு மேற்பட்ட காற்றுப்பைகள், விரித்துப்போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு, ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவில் ஒரு மைக்ரான் கூட இல்லாத சவ்வு. சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் காற்று போய் வரும். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு சரிவில் ஏறும்போது அது பல மடங்கு, அதுவும் வாய் வழியாக, அப்போது மூக்கின் வடிகட்டலும் இல்லை. மருந்து ஊறிய ஈரத்துண்டு அந்த விஷத்தை முகத்தோடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். தோல் வழியாகவும் இது உள்ளே போகும்.

நெஞ்சு இறுகினால் உடனே வேலையை நிறுத்துங்கள். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, மருந்து டப்பாவின் லேபிளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த விஷத்தை முறிக்க அட்ரோபின் ஊசி இருக்கிறது, பாலால் ஒன்றும் ஆகாது. இனிமேல் அடிப்பதாக இருந்தால் துளியையும் ஆவியையும் சேர்த்துத் தடுக்கும் கரி வடிகட்டி வைத்த முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் வேண்டும், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று அடியுங்கள். கவசம், கையுறை, சட்டையெல்லாம் வாங்கித் தர வேண்டியது முதலாளி. கூச்சப்படாமல் கேளுங்கள்.

முல்லைப் பெரியாற்றில் யார் ரொம்ப நேரம் முங்கியிருப்பது என்று பசங்களுக்குள் போட்டி. முங்கும் முன்னால் இருபது தடவை வேகமாக மூச்சை இழுத்து விட்டால் தம் கூடும் என்கிறார்கள். சரியா சார்?

தயவுசெய்து அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது, வேகமாக இழுத்தால் அதற்கு மேல் எவ்வளவு ஏறிவிடும்? கார்பன் டை ஆக்சைடுதான் வெளியே போய்விடும். மூச்சை அடக்கினால் முட்டுகிறதே, அந்த முட்டல் வருவது ஆக்சிஜன் தீர்ந்ததால் இல்லை, கார்பன் டை ஆக்சைடு ஏறி மூளையடியில் உள்ள முகுளத்தைத் தட்டுவதால். அதை முன்கூட்டியே விரட்டிவிட்டால் முட்டல் தாமதமாகும், ஆக்சிஜன் மட்டும் எப்போதும் போல் தீர்ந்துகொண்டே இருக்கும். எந்த அறிகுறியும் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும், மயங்கியவன் அங்கேயே மூச்சை இழுப்பான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் கூட இப்படிச் சாவதுண்டு. உங்கள் கூட்டாளிகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

காலையில் ஒரு மூக்கு அடைக்கிறது, மத்தியானம் மறுபக்கம். சைனஸா?

பெரும்பாலும் இல்லை. மூக்குக்குள் உள்ள திசு சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறி வீங்கி வடிவது இயல்பு. ஒரே பக்கம் விடாமல் அடைத்தால், ரத்தம் வந்தால் காட்டுங்கள்.

விக்கல் எப்போது கவலைப்பட வேண்டியது?

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத் தசை திடீரென்று இழுக்கும், உடனே குரல்வளை மூடிக்கொள்ளும், அந்தச் சத்தம்தான் விக்கல். இரண்டு நாளைத் தாண்டினால் டாக்டரிடம் போங்கள்.

மூன்று வயதுப் பேரன். பத்து நாள் முன்பு வேர்க்கடலையை மென்றுகொண்டே ஓடி, புரையேறி, முகம் நீலமாகிப்போனது. இருமி இருமிச் சரியானான். இப்போது ராத்திரி இருமல், வலது பக்கம் கீச் கீச் சத்தம். எக்ஸ்ரே நார்மல். நெபுலைசர் வைத்தும் கேட்கவில்லை.

அம்மா, கடலை உள்ளேயே இருக்கிறது என்று நினைத்துத்தான் நான் பதில் எழுதுகிறேன். மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளை அகலம், நீளம் குறைவு, கிட்டத்தட்ட நேர்செங்குத்து. அதனால் புரையேறியது அதிகம் போய் உட்காருவது வலது பக்கத்தில்தான். முதலில் பயங்கர இருமல், அப்புறம் பொருள் ஓரிடத்தில் தங்கிவிட்டால் இருமல் அடங்கிப்போகும். வீட்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைப்பது இந்த நேரத்தில்தான். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. ஈரத்தில் ஊறி உப்பும், அதன் எண்ணெய் சுற்றியுள்ள சவ்வைப் புண்ணாக்கும், அடைபட்ட பக்கம் நிமோனியா வரும். ஆஸ்துமாவாக இருந்தால் சத்தம் பொதுவாக இரண்டு பக்கமும் கேட்கும்.

மதுரையோ கோட்டயமோ, எது பக்கமோ அங்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்றைக்கே கிளம்புங்கள். புரையேறிய கதையை முதல் வரியிலேயே சொல்லுங்கள், பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, வேண்டும் என்று கேளுங்கள். மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள், அதனால் போகிற வழியில் பையனுக்குச் சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள்.