பிலிமுக்கு ஒரு தட்டு, அம்மாவுக்குக் கீழ்வீடு

கேள்வி: நான் மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறேன். வயது 44. மனைவி, ஒரு மகள், 69 வயது அம்மா ஆகியோர் என்னுடன் இருக்கிறார்கள். சிறுவயதில் பெருங்குடிப் பக்கம் விமானம் இறங்குவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆசையால், பழைய பயணிகள் விமானங்களைப் பழைய பிலிம் கேமராவில் படம் எடுத்து வருகிறேன். யாஷிகா மேட் 124ஜி வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஐந்து ரோல் எடுத்தால் அதிகம். ஆனாலும் இனிக் கிடைக்காமல் போய்விடுமோ என்று 70 ரோல் வாங்கி ஃபிரிட்ஜில் பாதுகாக்கிறேன். தட்டில் இடமில்லாததாலும், கதவை அடிக்கடி திறந்தால் ஈரம் படியும் என்பதாலும் அம்மாவின் இன்சுலினைக் கீழ்வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம். அவர்கள் நல்லவர்கள், ஒன்றும் சொல்வதில்லை. வருகிற மே மாதம் கோவா கடற்படை விமான அருங்காட்சியகத்துக்கு ரயிலில் போய், அங்கே நிற்கும் சூப்பர் கான்ஸ்டலேஷன் என்ற பழைய பயணிகள் விமானத்தைப் படம் எடுக்க வேண்டும். மனைவியோ, “பிலிமுக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டில் மனுஷருக்கு இல்லை” என்று குத்திக் காட்டுகிறாள். இந்தக் கலையின் அருமையை அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: கணவரின் ஆசையை மனைவி மதிக்கவில்லை என்ற கடிதம் இந்தப் பகுதிக்கு ஓயாமல் வருகிறது. ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர் எழுதுகிறார், பந்தயப் புறா வளர்ப்பவர் எழுதுகிறார், பழைய நாணயம் சேர்ப்பவர் எழுதுகிறார். அவர்களுக்கெல்லாம் மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அப்படி எழுத மாட்டேன். உங்கள் கடிதத்தில் கேள்வி ஒரு இடத்திலும் துன்பம் வேறொரு இடத்திலும் இருக்கிறது. கேமராவைப் பற்றியும் கோவாவைப் பற்றியும் எழுதிக்கொண்டே போன நீங்கள், நடுவில் ஒரு வரியில் அம்மாவின் இன்சுலின் கீழ்வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் மறுபடியும் விமானத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பிலிம் எத்தனை ரோல், ஆண்டுக்கு எத்தனை செலவாகும், ஈரம் எப்படிப் படியும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா போட்டுக்கொள்ளும் இன்சுலின் எந்த வகை, காலையில் எத்தனை யூனிட், இரவில் எத்தனை யூனிட் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அதைக் கீழ்வீட்டில் வைக்கச் சம்மதித்திருக்க மாட்டீர்கள். இன்சுலினில் சில வகைகளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். சில வகைகளைச் சாப்பிடும் நேரத்தை ஒட்டிப் போட வேண்டும். இரண்டிலும் நேரம் தவறக் கூடாது. உங்கள் வீட்டில் அந்த நேரத்தைத் தீர்மானிப்பது கீழ்வீட்டுக்காரர் கதவு திறக்கும் நேரம். ஊசி போட்டுக்கொண்ட பிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்து வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். 69 வயதுப் பெண்மணிக்கு அது மாடிப்படியில் நடந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். கீழ்வீட்டார் குலதெய்வம் கும்பிட மூன்று நாள் ஊருக்குப் போனால், பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கும் மருந்தை உங்கள் அம்மா யாரிடம் கேட்பார்?

அவர்கள் நல்லவர்கள், ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்றும் சொல்லாத அண்டை வீட்டாரிடம் தினமும் போய் நிற்பது, முகம் சுளிக்கும் வீட்டில் போய் நிற்பதைவிடக் கடினமானது. பிறர் தூக்கம் கலைந்துவிடுமோ, அவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பார்களோ என்று ஒவ்வொரு நாளும் யோசித்துத்தான் உங்கள் அம்மா கதவைத் தட்டுவார். பெற்ற பிள்ளையின் வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தும் தன் உயிர் மருந்தை அடுத்த வீட்டில் வைத்திருக்கும் தாய், அதற்கான காரணத்தைக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் என்னவென்று சொல்லியிருப்பார்? மகனை விட்டுக்கொடுக்காத ஏதோ ஒரு காரணத்தைத்தான் சொல்லியிருப்பார். அப்படி ஒரு பொய்யைத் தாய் சொல்லும் நிலைக்குக் கொண்டுவருவது எந்தக் கலைக்கும் அழகில்லை என்பது என் உறுதியான எண்ணம். தாய் தந்தையர் முதுமையில் கூச்சமில்லாமல் வாழ்வதற்குத்தான் பிள்ளையின் வீடு.

உங்கள் மனைவி சொன்ன வார்த்தையை இப்போது மறுபடியும் படியுங்கள். பிலிமை அவர் குறை சொல்லவில்லை, விமானத்தையும் குறை சொல்லவில்லை. மரியாதை இல்லாமல் போன ஒரு மனுஷியைப் பற்றிப் பேசுகிறார். அது அவருடைய மாமியார். மாமியாருக்காக மருமகள் வாய் திறந்து பேசும் வீடு கிடைப்பதற்கு நீங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பேச்சைக் குத்தல் என்று எழுதியதற்கு அவரிடம் நேரிலேயே வருத்தம் தெரிவியுங்கள்.

கதவைத் திறந்தால் ஈரம் படியும் என்ற காரணத்துக்கு வருகிறேன். பாலுக்கும் தோசை மாவுக்கும் உங்கள் வீட்டில் அந்தக் கதவு திறக்கத்தான் செய்யும். அம்மாவின் மருந்துக்குத் திறக்கும் இரண்டு வேளைதான் பிலிமைக் கெடுத்துவிடுமா? உறை பிரிக்காத பிலிமைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடினால், கதவு எத்தனை முறை திறந்தாலும் அதற்கு ஒன்றும் நேராது. ஈரம் படிவது, குளிர்ந்த பிலிமை வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரிக்கும்போதுதான். சில மணி நேரம் வெளியே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் அந்தப் பயமும் இல்லை. இது உங்களுக்குத் தெரியாதது அல்ல.

மே மாத வெயிலில் மதுரையிலிருந்து கோவாவுக்கு ரயிலில் பிலிமைக் கொண்டு போக நீங்கள் தயங்கவில்லை. பையில் அத்தனை நேரம் வெக்கையைத் தாங்கும் பிலிம், வீட்டு அலமாரியில் சில மாதம் தாங்கும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை பிலிமை இந்த ஊர் ஸ்டுடியோக்காரர்கள் மர அலமாரியில் வைத்துத்தான் கல்யாணம் கல்யாணமாக எடுத்தார்கள். கலர் பிலிம் வெக்கையில் சீக்கிரம் நிறம் மாறும் என்பது உண்மை. கறுப்பு வெள்ளை அதைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் உங்கள் அம்மாவின் மருந்துக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பிகூட 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலான வகைகளைத் திறந்த நான்கு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். உறைந்து போனால் தூக்கி எறியத்தான் வேண்டும், உருகினாலும் உதவாது. கோடையில் 40 டிகிரியைத் தொடும் இந்த ஊரில் குளிர்ச்சி யாருக்கு முதலில் தேவை என்பதை இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

ஆண்டுக்கு 5 ரோல் எடுப்பவருக்கு 70 ரோல் 14 ஆண்டுக்கு வரும். கடைசி ரோல் உங்கள் யாஷிகாவில் ஏறும் நாளில் உங்கள் அம்மாவுக்கு 83 வயது. பிலிம் கிடைக்காமல் போகும் என்ற பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் பதுக்கி வைப்பது அதற்கு மருந்தாகாது. 1935இல் வந்த கோடாக்ரோம் என்ற கலர் பிலிமைக் கோடாக் நிறுவனம் 2009இல் நிறுத்தியது. அதைக் கழுவுவதற்குத் தனி ரசாயன முறை வேண்டும். அதைச் செய்துவந்த கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருந்தது, 2010 டிசம்பர் இறுதியோடு கழுவ ரோல் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. குளிரில் பத்திரமாகக் கோடாக்ரோம் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, பிலிம் கெடாமல் இருந்தும் அதில் கலர்ப் படம் எடுக்க வழியில்லாமல் போனது. 12 படம் கொண்ட ரோலில் ஒவ்வொரு படத்தையும் யோசித்து எடுப்பவர் நீங்கள். வாங்கிய பிலிமை எடுங்கள், எடுத்ததை உடனே கழுவக் கொடுங்கள். எடுத்த பிலிமைக் கழுவாமல் வைத்தால், பதிந்த படம் வெக்கையிலும் ஈரத்திலும் மங்கிக்கொண்டே போகும் என்பதால், நீங்கள் அவசரப்பட வேண்டிய இடம் அதுதான்.

கோவா பயணத்தை நான் தடுக்கவில்லை. 1954 முதல் ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் நெடுந்தூரப் பயணிகளைச் சுமந்த விமான வகை சூப்பர் கான்ஸ்டலேஷன். 1960இல் போயிங் 707 வந்ததும் அதன் பயணிகள் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. பிறகு விமானப்படையிடமும், அதன் பின் கடற்படையிடமும் கடலைக் கண்காணிக்கும் வேலையைப் பார்த்தது. நான்கு பிஸ்டன் எஞ்சின்களும், வாலில் மூன்று செங்குத்துத் துடுப்புகளும், நெளிந்து நீண்ட உடலும் கொண்ட அதைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க ஆசைப்படுவது நல்ல ரசனைதான். 1998இல் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து கோவாவில் இருக்கும் விமானம் இந்த மே மாதத்துக்குள் பறந்து போய்விடாது. மழை முடிந்து, வெயில் தாழ்ந்த டிசம்பரிலோ ஜனவரியிலோ போங்கள். மனைவியையும் மகளையும் அழைத்துப் போங்கள். அந்த நாள்களில் அம்மாவோடு தங்க உடன்பிறந்தவரோ நெருங்கிய உறவினரோ வருவது உறுதியான பிறகே டிக்கெட் எடுங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன, அவற்றை இந்த இதழ் கைக்கு வரும் நாளிலேயே செய்யுங்கள். ஃபிரிட்ஜின் நடுத்தட்டைக் காலி செய்யுங்கள். கலர் ரோல்களை மட்டும் ஒரு டப்பாவில் அடைத்துக் கீழ்த்தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே வெக்கை குறைந்த அலமாரிக்கு மாற்றுங்கள். உங்களால் எடுத்துத் தீராததை, படம் எடுக்கும் நண்பர்களுக்கு விற்றுவிடுங்கள். கீழ்வீட்டுக்கு நீங்களே இறங்கிப் போய், இத்தனை நாள் செய்த உதவிக்கு நன்றி சொல்லி, மருந்தை வாங்கி வாருங்கள். அம்மாவையோ மனைவியையோ அனுப்பாதீர்கள். நடுத்தட்டில், உறைபனிப் பெட்டியை ஒட்டாமலும் கதவில் வைக்காமலும் அதை வையுங்கள். அடுத்த முறை சர்க்கரை மருத்துவரிடம் அம்மாவை நீங்கள் அழைத்துப் போய், மருந்து இதுவரை இடம் மாறி இருந்ததையும், ஊசி நேரம் தவறிய நாள்களையும் மறைக்காமல் சொல்லி, எத்தனை யூனிட், எந்த நேரம் என்று உங்கள் கையாலேயே எழுதி வாங்கி வாருங்கள்.