டர்போவும் வேண்டும், பாதி சிலிண்டர் ஓய்வெடுக்கவும் வேண்டும்: ஒத்துப்போகுமா?

கேள்வி: டர்போ, காற்றை அழுத்தித் திணித்துக் கூடுதல் சக்தி எடுக்கிறது. சிலிண்டர் டீஆக்டிவேஷன், பாதி சிலிண்டர்களை நிறுத்திப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறது. இரண்டையும் ஒரே இன்ஜினில் வைத்தால் ஒன்றையொன்று கெடுக்காதா? பாதி சிலிண்டரிலிருந்து வரும் புகையில் டர்போ எப்படிச் சுற்றும்?

பதில்: கெடுக்காது. காரணம் ரொம்ப எளிது, இரண்டுக்கும் வேலை நேரம் வேறு வேறு. ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். ஊசி மாட்டாத சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, அதன் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு பின்தண்டை இழுங்கள். கை வலிக்கும். சமதரையில் மெதுவாக, ஒரே வேகத்தில் போகும் பெட்ரோல் காரில் ஒவ்வொரு பிஸ்டனும் இந்தப் பாடுதான் படுகிறது, ஏனென்றால் அந்த நேரத்தில் தேவைப்படும் சக்தி கொஞ்சம், அதனால் காற்று நுழையும் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியே இருக்கிறது, அந்தச் சின்ன இடுக்கு வழியாகத்தான் நான்கு பிஸ்டன்களும் காற்றை இழுத்தாக வேண்டும். இழுக்கிற வேலைக்கே பெட்ரோல் வீணாகிறது.

இரண்டு சிலிண்டரை நிறுத்திவிட்டால் மீதி இரண்டும் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும், அதற்குக் காற்று நிறைய வேண்டும், அப்போது த்ராட்டிலை நன்றாகத் திறந்தே ஆக வேண்டும். அடைத்த விரலை எடுத்த மாதிரி ஆகிவிடும். மிச்சம் வருவது இங்கேதான். ஓய்வெடுக்கும் சிலிண்டரில் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் நிறுத்தினால் மட்டும் போதாது, காற்றும் புகையும் போய்வரும் வழியிலுள்ள வால்வுகளையும் மூட வேண்டும். சிரிஞ்சின் தண்டை இழுத்துவிட்டு விடுங்கள், படக்கென்று திரும்பிப் போகும். வால்வு மூடிய சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றும் அப்படித்தான், ஸ்பிரிங் போல, வாங்கிய உழைப்பில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். வால்வு திறந்தே கிடந்தால் குளிர்ந்த வெறும் காற்று வெளியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் குளிரவைத்துவிடும், டர்போவுக்கும் சூடில்லாத காற்றுதான் கிடைக்கும்.

சரி, டர்போவுக்கு வருவோம். டர்போவுக்கு எத்தனை சிலிண்டர் ஓடுகிறது என்ற கணக்கு தெரியாது, தன்னிடம் வந்து சேரும் மொத்தப் புகை எவ்வளவு என்பதுதான் அதற்கு முக்கியம். அதே வேகத்துக்கு அதே சக்தியை இரண்டு சிலிண்டரில் எடுத்தாலும் மொத்தக் காற்றின் அளவு ஏறத்தாழ அதேதான், அதனால் புகையும் பாதியாகக் குறைவதில்லை. சின்னச் சின்னதாக நான்கு முறை வந்தது, பெரிது பெரிதாக இரண்டு முறை வரும், அவ்வளவே. தவிர, இந்த அளவு லேசான லோடில் நான்கு சிலிண்டரும் ஓடினால்கூட டர்போ பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், கொடுக்கப்போவதில்லை.

ஆக்சிலரேட்டரை மிதித்தால்? ஃபோக்ஸ்வாகன் 2012-ல் கொண்டுவந்த, சிலிண்டர் நிறுத்தும் வசதியுள்ள 1.4 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ இன்ஜினில், வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டான கேம்ஷாஃப்ட்டின் மேல் நகரும் உறை ஒன்று இருக்கிறது. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வடிவங்கள்: ஒன்று வால்வைத் தள்ளும் மேடு, இன்னொன்று மேடே இல்லாத வட்டம். மின்காந்தத்தால் ஒரு சின்ன ஊசி, உறையில் வெட்டிய சுருள் பள்ளத்தில் இறங்கும், உறை நகரும், வால்வு உயிர் பெறும். வேகத்தைப் பொறுத்து 13 முதல் 36 மில்லி விநாடிக்குள் வேலை முடிந்துவிடும். டர்போ சுற்றி எழுந்து பூஸ்ட் கொடுக்க இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். ஆகவே நீங்கள் உணரும் தாமதம் டர்போவுடையது, பழியைத் தூங்கிய சிலிண்டர் மேல் போடாதீர்கள்.

கேள்வி: எந்தச் சிலிண்டரை நிறுத்துவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? வண்டி ஆடாதா?

பதில்: எரியும் வரிசையைப் பார்த்துத்தான். நான்கு சிலிண்டரில் வரிசை 1-3-4-2. 3-ஐயும் 2-ஐயும் எடுத்துவிட்டால் 1, 4 இரண்டும் சம இடைவெளியில் மாறி மாறி எரியும், தாளம் தப்பாது. ஆடி (Audi) நிறுவனத்தின் 4.0 லிட்டர் இரட்டை டர்போ வி8-ல் (V வடிவில் எட்டு சிலிண்டர்) 2, 3, 5, 8 ஓய்வெடுக்கும், அதுவும் சமமாகவே வரும். மூன்று சிலிண்டரில்தான் கஷ்டம், ஒன்றை எடுத்தால் இடைவெளி ஏறுமாறாகிவிடும். அப்படியும் ஃபோர்டு தன் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட்டில் செய்து காட்டியது, அதை நான் மனதாரப் பாராட்டுவேன், ஏனென்றால் அங்கே உண்மையான போராட்டம் அதிர்வோடுதான். ஆடி வி8-ல் இன்ஜினைத் தாங்கும் மவுன்ட்டே எதிர் அதிர்வு கொடுக்கும், கேபினுக்குள் மைக் வைத்து உறுமலைக் கேட்டு ஸ்பீக்கர் வழியாக எதிர் ஒலி விடுவார்கள். இந்தப் பக்கவேலைகள் இல்லாமல் இந்தத் தொழில்நுட்பம் மக்களிடம் எடுபட்டிருக்காது. 1981-ல் காடிலாக் எட்டு, ஆறு, நான்கு என்று சிலிண்டர் மாற்றும் வி8-ஐக் கொண்டுவந்து, அன்றைய கம்ப்யூட்டரின் வேகம் போதாமல் பட்டபாடு பெரிது. ஒரே வருடத்தில் பெரும்பாலான மாடல்களில் அதை விட்டுவிட்டார்கள்.

கேள்வி: இரண்டும் சேர்ந்த இன்ஜினில் பெட்ரோல் இரட்டிப்பாக மிச்சமாகுமா?

பதில்: ஆகாது, இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சின்ன இன்ஜினில் டர்போ வைப்பதும் அதே வியாதிக்கான மருந்துதான். பெரிய இன்ஜினைப் பாதி மூடிய த்ராட்டிலோடு ஓட்டுவதற்குப் பதில் சின்னதைத் திறந்து ஓட்டுகிறோம். அந்த மருந்து ஏற்கெனவே உள்ளே போயிருக்க, இரண்டாவது மருந்துக்குக் குணப்படுத்த மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். மேலே சொன்ன 1.4 இன்ஜினுக்கு அன்றைய ஐரோப்பியச் சோதனைச் சுற்றில் நிறுவனம் சொன்ன கணக்கே 100 கிலோமீட்டருக்கு சுமார் 0.4 லிட்டர். வி8 போன்ற பெரிய டர்போ இன்ஜினில் பலன் அதிகம், அதற்குத்தான் வீணாக்க நிறைய இருக்கிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகிறவருக்குக் கிடைக்கும், சிக்னலுக்குச் சிக்னல் நின்று மிதித்து எடுப்பவருக்கு அநேகமாகத் தெரியவே தெரியாது.

கேள்வி: டர்போவுக்குப் பதில் சூப்பர்சார்ஜர் இருந்தால்?

பதில்: அதுவும் நடக்கும். சூப்பர்சார்ஜரும் காற்றை அழுத்துவதுதான், ஆனால் புகையால் அல்ல, இன்ஜின் சுழற்சியாலேயே சுற்றும். 2015 கார்வெட் இஸட்06 காரின் 6.2 லிட்டர் வி8-ல் சூப்பர்சார்ஜரும் உண்டு, நான்கு சிலிண்டரில் ஓடும் வசதியும் உண்டு. லேசான லோடில் பைபாஸ் வால்வு திறந்து, அழுத்தம் சேராமல் காற்று சுற்றிப் போய்விடும்.

கேள்வி: சிலிண்டர் நிறுத்தும் வசதியுள்ள என் வி8-க்கு வெளியே டர்போ கிட் வாங்கி மாட்டலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பல வி8-களில் வால்வை நிறுத்துவது ஆயில் அழுத்தம்தான்: கேம்ஷாஃப்ட்டின் தள்ளுதலை வால்வுக்குக் கொண்டுபோகும் லிஃப்டருக்குள் இருக்கும் சின்னப் பூட்டு ஊசியை ஆயில் தள்ளும், லிஃப்டர் தனக்குள்ளேயே அமுங்கிக்கொள்ளும், வால்வு அசையாது. இப்போது டர்போவின் பேரிங்கும் அதே ஆயிலைத்தான் கேட்கும், சூட்டையும் அதிலேயே கொட்டும். ஆயில் கெட்டியாகி அழுக்கு சேர்ந்தால் முதலில் அடிபடுவது அந்தக் குட்டி ஊசி. அப்புறம் இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். எப்போது சிலிண்டரை நிறுத்தலாம் என்ற அதன் அட்டவணை டர்போ இல்லாத இன்ஜினுக்காக எழுதியது. புதிதாக ட்யூன் செய்யும்போது பெரும்பாலானவர்கள் சிலிண்டர் நிறுத்துவதை அணைத்தே விடுகிறார்கள், நானும் அதைத்தான் சொல்வேன். லிஃப்டர்களைச் சாதாரண வகைக்கு மாற்றுவதாக இருந்தால் கேம்ஷாஃப்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு கிட்டைப் பற்றி யோசியுங்கள்.