ஆர்சி போட் (ரிமோட்ல ஓடுற குட்டிப் படகு) ஸ்பீடு அளக்குறது: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கேள்வி: அண்ணா, போனை ஜிப் கவர்ல போட்டு, படகுக்குள்ள வச்சு ஜிபிஎஸ் ஆப்ல பாத்தா போதுமா?

பதில்: வேணாம் தம்பி. போன் 200 கிராம் இருக்கும், சின்ன போட்ல அதை ஏத்திட்டா தண்ணியில ஒக்காந்துடும், அப்புறம் நீ அளக்குறது உன் போட் ஸ்பீடே இல்ல. பெரும்பாலான போன்ல ஜிபிஎஸ் செகண்டுக்கு ஒரு தடவைதான் அப்டேட் ஆகும், 90 கிமீல போற போட் அதுக்குள்ள 25 மீட்டர் தாண்டிடும். 10 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 10 தடவை அளக்குற) குட்டி ஜிபிஎஸ் லாகர் வாங்கு, ஆன்டெனா வானத்தைப் பாக்கணும், மோட்டாருக்கு கரண்ட் அனுப்புற ஸ்பீடு கன்ட்ரோலர்ல இருந்து தள்ளி வை. ஃபைபர்கிளாஸ் மூடின்னா பிரச்சனை இல்ல, கார்பன் ஃபைபர்னா சிக்னல் அடைச்சுடும். அப்புறம் 'மேக்ஸ்'னு காட்டுற நம்பரை மட்டும் பாத்து குதிக்காத, கிராஃபை பாரு, ஒரே ஒரு புள்ளி மட்டும் துள்ளி நின்னா அது குப்பை. முக்கியமா எதிர்த்திசையிலயும் ஓட்டிட்டு சராசரி சொல்லு.

கேள்வி: 2000 கேவி மோட்டார், 4எஸ், 42 எம்எம் ப்ரொப்பெல்லர், பிட்ச் 1.4. கணக்குப்படி 104 வருது, நிஜமா?

பதில்: கணக்கு சரி, போட்தான் அதைக் கேக்காது. 2000 கேவின்னா ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துல 2000 சுத்து, 4எஸ் பேட்டரின்னா 14.8 வோல்ட், ஆக 29,600 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு சுத்து). 42ஐ பிட்ச் 1.4ஆல பெருக்கினா ஒரு சுத்துக்கு முன்னாடி போற தூரம் 58.8 எம்எம், அதான் 104 கிமீ. ஆனா லோடு விழுந்தா ஆர்பிஎம் எறங்கும், வோல்டேஜும் எறங்கும், அதுக்கு மேல ப்ரொப்பெல்லர் வழுக்கல் வேற. ஆர்பிஎம்ல 20, வழுக்கல்ல 15 சதவீதம் போச்சுன்னு வச்சாலே 71தான்.

கேள்வி: போன் ஜிபிஎஸ் ஓகேவா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: சார், ஜிபிஎஸ் எல்லாம் பொய். ரேடார் கன்தான் நிஜம், போலீஸே அதைத்தான வச்சிருக்காங்க.

பதில்: போலீஸ் புடிக்குறது இரும்பு கார் சார். உங்க போட் பிளாஸ்டிக், ரேடார் அலை அதுல சரியா பட்டுத் திரும்பாது. அடுத்தது கோணம். கரையில நிக்கிறீங்க, போட் குறுக்கால போகுது, 20 டிகிரி விலகினா 100 போற போட்டுக்கு 94 காட்டும், 30 டிகிரின்னா 87. கோணத்தால நம்பர் கொறையுமே தவிர ஏறாது. நேரா உங்களைப் பாத்து வரும்போது புடிச்சா சரியா வரும், ஆனா கன்ட்ரோல் போனா அது உங்க முட்டியிலதான் நிக்கும்.

கேள்வி: (அவரே) அப்ப எனக்கு ஜிபிஎஸ்ல 80, கன்ல 112 காட்டுச்சே, அது எப்படி? ஏறாதுன்னீங்க?

பதில்: கோணத்தால ஏறாதுன்னேன். போட்டுக்குப் பின்னாடி ரோடு இருந்துச்சா? சின்ன போட்டோட எதிரொலி வீக், தூரத்துல பஸ்ஸோ காரோ போனா கன் அதைப் புடிச்சுக்கும்.

கேள்வி: (வேற ஒருத்தர்) ஹைவே ஓரம் ஏரியில ஓட்டிட்டு ரெக்கார்டுன்னு சொல்றவரை எனக்கும் தெரியும் 😂

பதில்: பேர் வேணாம்.

கேள்வி: கையில எந்த மீட்டரும் இல்ல. ஸ்டாப்வாட்ச் ஓகேவா?

பதில்: 100 மீட்டரை 100 கிமீல தாண்ட 3.6 செகண்ட். கை 0.2 செகண்ட் தடுமாறினாலே 5 கிமீக்கு மேல தப்பு. அதைவிட சத்தத்தை ரெக்கார்ட் பண்ணுங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச வழி இது. ஃபுல் த்ராட்டில்ல நேர்கோட்டுல, பக்கத்துல (ரொம்ப ஒட்டி நிக்காதீங்க) தாண்டிப் போகணும். வரும்போது சுருதி 1100 ஹெர்ட்ஸ், போகும்போது 950னு ஸ்பெக்ட்ரம் ஆப்ல தெரியுதுன்னு வைங்க. வித்தியாசம் 150, கூட்டுத்தொகை 2050. 150ஐ 2050ஆல வகுத்து ஒலி வேகம் 348ஆல பெருக்கினா செகண்டுக்கு 25.5 மீட்டர், அதாவது 92 கிமீ கிட்ட. இதுலயும் ரெண்டு திசை, மறக்காதீங்க.

கேள்வி: எதுக்கு எப்பப் பாத்தாலும் ரெண்டு திசைங்கிறீங்க?

பதில்: காத்து, ஆத்துல ஓட்டினா நீரோட்டம், ரெண்டும் ஒரு பக்கம் தள்ளிவிடும். ஜிபிஎஸ் தரையை வச்சு அளக்குது, தண்ணியை வச்சு இல்ல. அமெரிக்காவுல நாம்பாங்கிற மாடல் படகு சங்கத்து நேர்கோட்டு ரெக்கார்டே 330 அடி, போய்த் திரும்பி வந்து சராசரி. பெரிய படகுக்கும் இதே விதிதான். 1978ல ஆஸ்திரேலியாக்காரர் கென் வார்பி 511 கிமீ வேகத்துல உலக ரெக்கார்டு அடிச்சது ரெண்டு ஓட்டத்தோட சராசரி. 1967ல அதே ரெக்கார்டுக்கு முயற்சி பண்ண இங்கிலாந்துக்காரர் டொனால்ட் கேம்பெல் முதல் ஓட்டத்துல மணிக்கு 297 மைலுக்கு (478 கிமீ) மேல போனார், திரும்பும்போது படகு கவுந்து இறந்துட்டார், அதனால ரெக்கார்டு கணக்குலயே வரல.

கேள்வி: எந்த லிப்போ பேட்டரி வாங்கலாம்?

பதில்: அதுக்கு பேட்டரி ஆளைக் கேளுங்க. இங்க ஸ்பீடு அளக்குறது மட்டும்.

கேள்வி: என் போட் 127! ஜிபிஎஸ் ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

பதில்: கிராஃப் எங்க? திரும்பி வந்த ஓட்டம் எங்க?

கேள்வி: அண்ணா, போனை கவர்ல போட்டு...

பதில்: டேய்.