தம்பி கையெழுத்துப் போட்ட ஒரு தாள்

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். அப்பா, அம்மா இல்லை. 26 வயதுத் தம்பியை மனநல சிகிச்சைக்குச் சேலம் அழைத்துப் போகிறேன். மாத்திரையைச் சரியாகப் போடுவதில்லை. என்ன நோய் என்று டாக்டரிடம் கேட்டால், "அவர் சம்மதிக்காமல் சொல்ல முடியாது" என்கிறார். கூடப்பிறந்த எனக்கு உரிமையே இல்லையா?

பதில்: உரிமை இருக்கிறது, அம்மா. ஒரு நாள் கூலியை விட்டு, மலையிறங்கி வந்து, வெறுங்கையோடு பஸ் ஏறுவது எத்தனை வேதனை! ஆனால் டாக்டர்மேல் கோபப்படாதீர்கள். நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்வது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23ஆம் பிரிவு. அதே பிரிவுதான், நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவருக்குத் துணை நிற்க நியமிக்கப்படுபவருக்கு, தன் கடமையைச் செய்யத் தேவையான தகவலைத் தரலாம் என்றும் சொல்கிறது.

யாரையும் நியமிக்காதபோது உறவினரையே பிரதிநிதியாகக் கருத 14ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனாலும் தம்பியே உங்களை நியமித்துவிட்டால் தயக்கத்துக்கு இடமிருக்காது. முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில், "என் அக்காவை என் பிரதிநிதியாக நியமிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். நீங்களும் சம்மதம் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். அப்புறம் நோய், சிகிச்சை பற்றிக் கேட்கலாம். டிஸ்சார்ஜ் பற்றிப் பேசும்போதும் உட்காரலாம்.

மாத்திரைக்காகச் சண்டை போட்ட அன்று அந்தத் தாளை நீட்டாதீர்கள். அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலையில், வேண்டாம் என்றால் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லிக் கேளுங்கள். அது சட்டப்படி உண்மையும்கூட. பிரதிநிதி என்றால் அவருக்கு மேலே அதிகாரி அல்ல. அவர் விருப்பத்தை மதித்துத் துணை நிற்பவர்.

தாள் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். டாக்டர் உங்களிடம் சொல்லத்தான் தடை. நீங்கள் அவரிடம் சொல்ல எந்தத் தடையும் இல்லை. எந்தத் தேதியில் மாத்திரையை விட்டார், எத்தனை இரவு தூங்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள்.

கட்டிப்போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். நிலைமை மோசமானால் பிரதிநிதியாக நீங்களே 89ஆம் பிரிவில் அட்மிஷனுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ டாக்டரோ தனித்தனியே பரிசோதித்து ஒப்புக்கொண்டால் 30 நாள் வரை சேர்ப்பார்கள். இடையில் ராத்திரி நேரத்தில் தவித்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.