பெற்ற பிள்ளைக்கு எதிராகச் சாட்சி: கேள்வி பதில்

அமர்வு நீதிமன்றங்களில் முதலில் அரசு வழக்கறிஞராகவும், பிறகு குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பிலும் 28 ஆண்டுகள் கொலை வழக்கு நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் வழக்கின் விவரங்களைப் பொதுவில் எழுத வேண்டாம்.

தேனியிலிருந்து ஒரு தாய்: என் மூத்த மகன்மீது கொலை வழக்கு. சாட்சி சொல்ல மாட்டேன் என்று நான் மறுக்கலாமா?

முடியாது அம்மா. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும் பெற்றோருக்கு விலக்கு இல்லை. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் இல்லை. சம்மன் வந்தால் போக வேண்டும், போகாவிட்டால் பிடிவாரண்ட் வரும்.

ஆனால் அதற்கு முன் உங்களுக்குச் சில உரிமைகள் உண்டு. விசாரணைக்காகப் பெண்களைக் காவல் நிலையத்துக்கு அழைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். போலீசாரிடம் நீங்கள் சொல்லி, அவர்கள் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை நான் சொல்லாத நாளே கிடையாது. மாஜிஸ்திரேட் முன் பிரமாணம் எடுத்துக் கொடுக்கும் வாக்குமூலம் வேறு வகை. அங்கே ஒன்று சொல்லிவிட்டுக் கூண்டில் அதை மாற்றினால் பொய்ச்சாட்சிக் குற்றம் உங்கள்மீதே வரலாம்; ஏழாண்டு வரை சிறை உண்டு.

நான் நடத்திய வழக்கு ஒன்றில், வரப்புத் தகராறில் அண்ணன் தம்பியை வெட்டிவிட்டான். கண்ணால் கண்டவர் தாய் மட்டுமே. "போனவன் போய்விட்டான், இருப்பவனையாவது காப்பாற்று" என்று ஊரே அவரிடம் சொன்னது. அவர் கூண்டேறி, கண்டதைக் கண்டபடி சொன்னார். இறங்கி வந்தபோது வராந்தாவில் அவர் பக்கத்தில் உட்கார ஒரு சொந்தம்கூட இல்லை. எங்கள் அலுவலகப் பெண் ஒருவர்தான் பஸ் ஏற்றிவிட்டார். இத்தகைய வழக்குகளில் செத்தவனும் அவள் பிள்ளைதான் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

திருச்சியிலிருந்து: தாய் சாட்சி சொல்ல மறுக்கலாமா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

சட்டக் கல்லூரி மாணவர்: கணவன் மனைவிக்கு மட்டும் சலுகை ஏன்? ஜெர்மனியில் பெற்றோர் மறுக்கலாமே?

அங்கே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது, உண்மைதான். ஆனால் இங்கே கணவன் மனைவிக்கு இருப்பதாக நீங்கள் நினைக்கும் சலுகை அவ்வளவு பெரிதல்ல. அது அவர்களுக்குள் பேசிய பேச்சுக்கு மட்டுமே. 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த உத்தரப் பிரதேசக் கொலை வழக்கைப் படியுங்கள். நகை தருவதாகக் கணவன் சொன்ன சொல்லை மனைவி வாயால் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்றார்கள். அவன் கூரையிலிருந்து இறங்கியதையும், குளித்து வேட்டி கட்டியதையும் அவள் கண்டதை ஏற்றார்கள்.

அதே மாணவர்: அப்படியானால் அந்தப் பேச்சுச் சலுகையையாவது தாய்க்குத் தரலாமே?

மதுரையிலிருந்து ஒரு பெண் குறுக்கிட்டார்: தரவே கூடாது. தங்கையை அண்ணன் கொல்லும் ஆணவக் கொலைகளில் வீட்டுக்குள் இருப்பவர்களைத் தவிர யார் சாட்சி?

இருவரின் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. மகன் இரவில் வந்து தாயின் மடியில் அழுதபடி சொன்னதைச் சட்டம் அவளிடமிருந்து பிடுங்குவது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதனால் கிடைப்பதும் பெரிதல்ல. நீதிமன்றத்துக்கு வெளியே சொன்ன ஒப்புதல் பலவீனமான சாட்சியம் என்பதை சகாதேவன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி வலியுறுத்தியது. ஆகவே பேச்சுக்குச் சலுகை தரலாம் என்பதே என் எண்ணம்.

கண்டதற்குத் தரக் கூடாது. மதுரை அம்மா சொல்வதே அதற்குக் காரணம். கொன்றவர்களே வீட்டில் அதிகாரம் செலுத்தும்போது, "மறுக்கும் உரிமை" தாயின் கையில் இருக்காது. அவளை மிரட்டுபவர் கையில்தான் இருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து: மனுநீதிச் சோழன் பிறந்த மண்ணில் இதற்கெல்லாம் விவாதம் எதற்கு?

சோழன் அரசன். தீர்ப்பும் தேரும் அவன் கையில் இருந்தன. கூண்டில் நிற்கும் தாயிடம் எதுவும் இல்லை. அந்தக் கதையை அவள் தலையில் சுமத்தாதீர்கள்.

கோவையிலிருந்து: பெற்றோருக்கு எதிராகப் பிள்ளை சாட்சி சொன்னால்?

அதே சட்டம்தான். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13-இல் சங்கர் கொல்லப்பட்ட வழக்கில் அவர் மனைவி கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் தந்தை உட்பட ஆறு பேருக்குத் திருப்பூர் நீதிமன்றம் தூக்கு விதித்தது, தாயை விடுவித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையையும் விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. நெருங்கிய உறவின் சாட்சி என்பதற்காக அதைத் தள்ளவும் முடியாது. அது மட்டுமே எல்லாக் குற்றச்சாட்டையும் நிரூபித்துவிடும் என்றும் இல்லை.

சேலத்திலிருந்து: தாய் பிறழ்சாட்சி ஆகிவிட்டால், அதாவது முன்பு சொன்னதைக் கூண்டில் மாற்றிவிட்டால், மகன் தப்பிவிடுவானா?

அந்த நம்பிக்கையில் யாரும் கூண்டேற வேண்டாம். பிறழ்சாட்சி சொன்னது முழுவதையும் நீதிமன்றம் குப்பையில் போடுவதில்லை. நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளும். மருத்துவச் சான்றும் தொலைபேசிப் பதிவும் அவள் மாற்றிச் சொன்னதால் மாறிவிடாது.

ஈரோட்டிலிருந்து: தந்தையைக் கொன்ற மகனுக்குச் சொத்தில் பங்கு உண்டா?

கொன்றவர் கொலையுண்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. மற்றதைச் சிவில் வக்கீலிடம் கேளுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: என் அம்மா என் அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்லாமல் இருக்க வழி...

மூன்றாம் முறையாக: வழி இல்லை. "மனநிலை சரியில்லை" என்று சான்றிதழ் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள், அது தனிக் குற்றம். அம்மாவுக்கு மிரட்டல் இருந்தால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மனுக் கொடுங்கள். அரசு வழக்கறிஞரிடம் கேட்டால் எழுதித் தருவார். விசாரணைக்கு அவர் தனியாகப் போக வேண்டாம். நீங்கள் கூடப் போங்கள்.

தேனித் தாய் மறுபடியும்: குறுக்கு விசாரணையில் "பெற்றவளா நீ" என்று கேட்பார்களாமே?

கேட்கப் பார்ப்பார்கள். அவமானப்படுத்துவதற்காக மட்டுமே கேட்கும் கேள்வியைத் தடுக்க நீதிபதிக்குச் சட்டம் கட்டளையே இடுகிறது. அரசு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும்; முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் நல்ல தாயா என்பது அங்கே விசாரணைப் பொருள் அல்ல. தெரிந்ததற்குப் பதில், தெரியாததற்குத் "தெரியாது". அழுகை வந்தால் அழுங்கள், தண்ணீர் கேளுங்கள், நேரம் கேளுங்கள்.

அவரே: சாட்சி சொன்ன பிறகு சிறையில் என் மகனைப் போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம் அம்மா. சாட்சி சொன்னதால் உறவினர் என்ற உரிமை போய்விடாது. சாட்சியம் முழுவதும் முடியும்வரை மட்டும் காத்திருங்கள். இல்லையென்றால் பேசி மாற்றிவிட்டதாக இரு தரப்பும் சொல்லும். பிறகு அடையாள அட்டை எடுத்துக்கொண்டு சிறைக்குப் போய் மனு எழுதிக் கொடுங்கள். முதல் தடவை அவன் வர மறுக்கலாம். அடுத்த முறையும் போய் மனுக் கொடுங்கள்.