ரசீது கொடுத்தார்கள், கணக்கில் ஏறியதா?

கேள்வி: என் தங்கையை அவள் கணவர் தொடர்ந்து அடிக்கிறார். மகளிர் காவல் நிலையத்தில் இரண்டு மாதங்களுக்கு முன் புகார் கொடுத்தோம், சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, இருவரையும் அழைத்துப் பேசி அனுப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் குறைவு என்கிறார்களே, எங்கள் புகார் அந்தக் கணக்கில் உண்டா? எஃப்.ஐ.ஆர். போட வைப்பதாக ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: கணக்கில் இல்லை. பணமும் கொடுக்காதீர்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் எண்ணுவது பதிவான முதல் தகவல் அறிக்கைகளை (எஃப்.ஐ.ஆர்.)த்தான், சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி மட்டுமே. 2022இல் நாடு முழுவதும் பெண்களுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவானவை 4,45,256, அவற்றில் 31.4 விழுக்காடு, கணவரோ அவருடைய உறவினரோ இழைத்த கொடுமை. ஒரு லட்சம் பெண்களுக்கு இத்தனை குற்றங்கள் என்று கணக்கிடும் விகிதம், தமிழ்நாட்டில் தேசிய சராசரியைவிட மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால், பெண்களையே நேரில் கேட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019–21), கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன மணமான பெண்கள் நாட்டளவில் சுமார் 29 விழுக்காடு, தமிழ்நாட்டில் சுமார் 38 விழுக்காடு. அடி குறையவில்லை, பதிவுதான் குறைந்திருக்கிறது என்று இதைப் படிக்காமல் வேறெப்படிப் படிப்பது? போதாக்குறைக்கு, ஒரே வழக்கில் கொடுமையும் கொலையும் சேர்ந்திருந்தால் பெரிய குற்றமான கொலை மட்டுமே எண்ணப்படும். அதற்கு முன் அந்தப் பெண் பட்ட ஆண்டுக்கணக்கான அடி எந்தக் கட்டத்திலும் ஏறாது.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எனத் தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே தீர்ப்பளித்துவிட்டது. குடும்பத் தகராறு உள்ளிட்ட சில வகைகளில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு அத்தீர்ப்பு இடம் தந்தது. இந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டுதான் காவல் நிலையங்கள் இழுத்தடிக்கின்றன. அந்த விசாரணை, குற்றம் நடந்ததற்கு முகாந்திரம் உண்டா என்று பார்ப்பதற்கே அன்றி, சமாதானம் பேசுவதற்கு அல்ல. கணவர் கொடுமைக்கான, பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் சட்டத்தின் பிரிவு 85, மூன்று ஆண்டு வரை தண்டனை தரக்கூடியது. இத்தகைய குற்றங்களில் துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின் அனுமதி பெற்று, 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டம். "அடுத்த வாரம் வாருங்கள்" என்று இரண்டு மாதம் ஓட்டுவதற்கு அதில் எந்த வரியும் இல்லை.

அந்த இடைத்தரகரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். "இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவர்" என்று நிலைய வாசல் டீக்கடையில் பேச்சைத் தொடங்கும் இவர்களில் பலர், மறுபக்கத்திலும் பணம் வாங்குவார்கள். கடைசியில் "சமரசமாகப் போகிறோம்" என்றொரு தாளில் கையெழுத்து வாங்கி முடிப்பார்கள். நாளை எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். வெற்றுத்தாளில் கையெழுத்திடவே கூடாது, சி.எஸ்.ஆர். ரசீதின் அசலை எவரிடமும் ஒப்படைக்கவும் கூடாது.

மீண்டும் அடிபட்டால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குச் சென்று, அடித்தவர் யார் என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். பயந்துபோய் "வழுக்கி விழுந்தேன்" என்றால், அந்தச் சொல்லே தங்கைக்கு எதிரான சாட்சியாகிவிடும். புகாரையும் ரசீது நகலையும் இணைத்துக் காவல் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசைவில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். அதற்கு வழக்கறிஞர் கட்டணம் தேவையில்லை. வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி இலவசம், தொலைபேசி எண் 15100. வழக்குப் பதிவானதும் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் கட்டணம் கிடையாது.