பைக் வாங்கிக் கொடுத்தும் ஏன் மறுபடி கஞ்சா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. மூன்று வருடமாகக் கஞ்சாப் பழக்கம். “மூன்று மாதம் தொடாமல் இரு, பைக் வாங்கித் தருகிறேன்” என்றேன். இருந்தான், வாங்கிக் கொடுத்தேன். பத்தே நாளில் மறுபடி ஆரம்பித்துவிட்டான். “பிள்ளைக்கு லஞ்சம் கொடுத்துக் கெடுத்ததே நீதான்” என்று வீட்டுக்காரர் திட்டுகிறார். நான் செய்தது தப்பா? – ஈரோட்டிலிருந்து ஒரு தாய்

பதில்: உங்கள் எண்ணத்தில் தப்பில்லை அம்மா, கணக்கில்தான் தப்பு. போதையைத் தொடாமல் இருப்பவருக்குப் பரிசு கொடுப்பது முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட சிகிச்சை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 2011லிருந்து நடக்கிறது. கலிபோர்னியாவில் 2023 முதல் அரசு மருத்துவக் காப்பீட்டிலேயே கொடுக்கிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் கொக்கெய்ன் பழக்கம் உள்ளவர்களுக்குச் செய்ததைப் பாருங்கள். வாரம் மூன்று முறை சிறுநீர்ச் சோதனை. முதல் தடவை சுத்தமாக வந்தால் 2.50 டாலருக்குக் கூப்பன். அடுத்து 3.75, அதற்கடுத்து 5 என்று ஏறும். தொடர்ந்து மூன்று முறை சுத்தம் என்றால் 10 டாலர் போனஸ். ஒரு தடவை சறுக்கினால் மறுபடி 2.50. ஆனால் அதன்பின் ஐந்து முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால், விட்ட இடத்துக்கே திரும்பலாம். ரொக்கம் கையில் தரவே இல்லை; கேட்ட பொருளை ஊழியர்களே வாங்கித் தந்தார்கள்.

இப்போது உங்கள் பைக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 90 நாள் ஒன்றுமில்லை, 91ஆம் நாள் எல்லாம். பைக் வந்த மறுநாள் அவன் இழப்பதற்கு எதுவுமே மிச்சமில்லை. கஞ்சா சில நிமிடத்தில் சுகம் தருகிறது, விட்டதன் பலனோ மாதக்கணக்கில் தள்ளி இருக்கிறது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் சின்னச் சின்னப் பரிசு, அதுவும் அன்றன்றைக்கே.

சரி, இவ்வளவு செலவுக்கு எங்கே போவது? நான்சி பெட்ரி என்ற உளவியலாளருக்கும் இதே கவலை வந்தது. அவர் ஒரு கண்ணாடித் தொட்டியில் 500 சீட்டுகளைப் போட்டார். பாதிச் சீட்டில் ‘சபாஷ்’ என்கிற மாதிரி ஒரு பாராட்டு மட்டும். 209 சீட்டில் ஒரு டாலர் பரிசு, 40 சீட்டில் 20 டாலர் பரிசு. ஒரே ஒரு சீட்டில் 100 டாலர் பொருள். சுத்தமான சோதனைக்குச் சீட்டு எடுக்கலாம். தொடரத் தொடர எடுக்கும் சீட்டுகள் கூடும். நம்மூர்க் குலுக்கல் சீட்டுதான்! குறைந்த செலவில் இதுவும் பலித்தது.

வீட்டில் செய்வதானால் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள். குளியலறை வாசலில் டப்பாவோடு அம்மா நின்றால் அப்புறம் அவன் கண்ணுக்கு நீங்கள் போலீஸ்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சோதனையும் ஆலோசனையும் அவர்கள் பொறுப்பாக இருக்கட்டும். இன்னொரு சிக்கல்: தினமும் புகைத்தவர் நிறுத்தினாலும் சில வாரங்கள் வரை சிறுநீரில் கஞ்சா தெரியும். நிஜமாகவே விட்டவனை அதை வைத்துப் பொய்யன் என்று சொல்லிவிடாதீர்கள். முதல் மாதம் ஆலோசனைக்குத் தவறாமல் வந்ததற்கே பரிசு கொடுங்கள்: மொபைல் ரீசார்ஜ், பிரியாணி, ஜிம் கட்டணம் எதுவானாலும் சரி. சோதனை சுத்தமாக வரத் தொடங்கியதும் பரிசை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். சறுக்கிய அன்று பரிசு இல்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டக் கூடாது. இந்தச் சிகிச்சையிலேயே பெற்றோருக்குக் கஷ்டமான பகுதி இதுதான் என்பேன்.

பரிசு நின்றதும் பலர் மறுபடி சறுக்குவதும் உண்மை. அதனால் பரிசு ஓடும் அந்த மூன்று, நான்கு மாதத்துக்குள் வேலை, புது நட்பு என்று வேறு பிடிமானம் உருவாக வேண்டும். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் போதை மீட்புக்கான கட்டணமில்லா எண் 14446ஐ அழையுங்கள்.

பைக்கை இப்போது பிடுங்காதீர்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றி அவன் சம்பாதித்தது அது. புகைத்துவிட்டு வரும் நாளில் மட்டும் சாவி உங்களிடம் இருக்கட்டும்.